ஹைபிரிட் கார்: கூடுதல் விலை தகுமா?

சுங்கைப்பட்டாணிக்கு அருகேயுள்ள ரப்பர் தோட்டம் ஒன்றில், சென்ற ஆண்டு, ஊழியர் சேமநிதி பற்றிய விளக்கக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. கூட்டம் முடிந்து நான் புறப்படும் வேளையில், பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் என்னை நிறுத்தினார். அவர் கையில் ஒரு வண்ண விளம்பரத்தாள் இருந்தது.

"ஐயா, அடுத்த ஆண்டு எனக்கு 55 வயது. சேமநிதிப் பணம் கைக்கு வரும். மகள் கார் வாங்கப் போகிறாள். சாதாரணக் காரைவிட இந்த ஹைபிரிட் காருக்கு 26,000 வெள்ளி கூடுதலாம். ஆனால் பெட்ரோல் பாதிதான் குடிக்குமாம். அந்தக் கூடுதல் பணத்தை நான் போட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

மகள் பிறை தொழிற்பேட்டையில் தொழில்நுட்ப உதவியாளராகப் பணிபுரிகிறார். நாள்தோறும் போக வர 70 கிலோமீட்டர். தந்தையின் பழைய மோட்டார்சைக்கிளில் நெடுஞ்சாலையில் செல்கிறார். மழைக்காலத்தில் அவர் வீடு திரும்பும்வரை தாய் வாசலிலேயே நிற்கிறாராம். ஆகவே கார் தேவைதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் அந்த 26,000 வெள்ளியைப் பற்றியதே. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் 26,000 வெள்ளி என்பது பதினைந்து மாதச் சம்பளத்திற்கும் மேல். மேலும் ஒன்று உண்டு. லயத்து வீடு வேலையுள்ளவரைதான். ஓய்வு பெற்றபின் குடியேறச் சொந்த வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுவதற்கு அவரிடம் வேறு சேமிப்பு எதுவும் இல்லை.

நான் உடனே விடை கூறவில்லை. மகளையும் அழைத்து வரும்படி சொல்லிவிட்டு, மண்டபத்தில் இருந்த கரும்பலகையைத் துடைத்தேன். பழைய ஆசிரியப் பழக்கம் இன்னும் விட்டுப் போகவில்லை. அன்று அப்பலகையில் எழுதிய கணக்கையே இங்கு விளக்குகிறேன். நம் தோட்டங்களில் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்ட குடும்பங்கள் பல. அங்கெல்லாம் இதே கேள்வி எழும்.

இரண்டு விசைகள் எப்படி வேலை செய்கின்றன?

ஹைபிரிட் கார் என்பது மாயம் அன்று. அதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்மோட்டாரும் உண்டு, அந்த மோட்டாருக்கு மின்சாரம் தரும் மின்கலமும் உண்டு. நாம் பேசும் வகை வண்டியை வீட்டு மின்சாரத்தில் இணைத்து மின்னேற்ற வேண்டியதில்லை. அது ஓடும்போது தானே மின்சாரத்தைச் சேர்த்துக் கொள்கிறது.

எங்கிருந்து சேர்க்கிறது? மேட்டுப் பகுதியிலிருந்து இரண்டு பால் டின்களைக் கட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் இறங்குவதை எண்ணிப் பாருங்கள். இறக்கம் முழுதும் பிரேக்கைப் பிடித்தபடியே வரவேண்டும். கீழே வந்ததும் பிரேக்கைத் தொட்டால் கை சுடும். மேடேறுவதற்குச் செலவழித்த பெட்ரோலின் பலன் இறங்கும்போது வெறும் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. சாதாரணக் காரிலும் இதுவே நடக்கிறது. ஹைபிரிட் காரிலோ, வேகம் குறையும்போது சக்கரம் மின்மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் மின்சாரம் உண்டாக்கி மின்கலத்தில் சேர்க்கிறது. அடுத்த முறை வண்டி புறப்படுகையில் அம்மின்சாரம் உதவிக்கு வருகிறது. வண்டி நிற்கும்போது எஞ்சினும் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்த காலந்தொட்டு அடிப்படை இதுதான்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். நின்று நின்று செல்லும் பட்டணத்துச் சாலையில்தான் ஹைபிரிட் காருக்கு வேலை அதிகம். ஜார்ஜ்டவுனிலோ கிள்ளானிலோ மாலை நெரிசலில் பத்தடிக்கு ஒருமுறை பிரேக் பிடிக்கும் வண்டிக்குத் திரும்பப் பெறுவதற்கு நிறைய உண்டு. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓடும் வண்டிக்குப் பிரேக்கே இல்லை. திரும்பப் பெறுவதற்கு என்ன இருக்கிறது? அங்கும் சிறிது மிச்சம் உண்டு. ஆயினும் விளம்பரத்தாளில் கண்ட "பாதி" இராது.

எதைவிடக் கூடுதல்?

கரும்பலகையில் நான் முதலில் எழுதியது விலைப்பட்டியல்தான். எடுத்துக்காட்டாக ஹோண்டா எச்.ஆர்.வி. காரைக் கொள்வோம். எந்த நிறுவனத்தையும் போற்றவோ தூற்றவோ அன்று; ஒரே காரில் இரு வகையும் கிடைப்பதால் ஒப்பிடுவதற்கு எளிது. 2022 ஜூலையில் அது மலேசியாவில் வெளியானபோது, காப்புறுதி நீங்கலாக, மிக எளிய பெட்ரோல் வகை 114,800 வெள்ளி. டர்போ எஞ்சின் பூட்டிய உயர்வகை 134,800 வெள்ளி. ஹைபிரிட் 140,800 வெள்ளி. இன்று கடையில் கேட்டால் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் வழி மாறாது.

கூடுதல் விலை எவ்வளவு? விற்பனையாளர் சொல்வார்: "ஆறாயிரந்தான்." உயர்வகை டர்போவோடு ஒப்பிட்டால் அது உண்மையே. ஆனால் அந்தப் பெண் டர்போ வாங்க நினைக்கவில்லை. அவர் மனத்தில் இருந்தது எளிய வகை. அதனோடு ஒப்பிட்டால் 26,000 வெள்ளி. இந்த இரு எண்களும் பொய்யல்ல. எனினும் நாம் எதை வாங்க இருந்தோமோ அதிலிருந்துதான் கூடுதலைக் கணக்கிட வேண்டும். கடைக்காரர் காட்டும் வண்டியிலிருந்து கணக்கிடுதல் கூடாது.

இன்னும் ஒரு படி கீழே இறங்கலாம். பெரோடுவா அத்திவா 2021 மார்ச் மாதத்தில், விற்பனை வரி விலக்கு நடப்பில் இருந்தபோது, 61,500 வெள்ளியில் தொடங்கியது. அதுவும் உயரமாக நிற்கும் சிறிய எஸ்.யூ.வி. வகைதான், எச்.ஆர்.வி.யைவிடச் சிறியது. பிறைக்குப் போய் வர அது போதுமானால், ஹைபிரிட்டுக்கான கூடுதல் விலை ஏறத்தாழ 80,000 வெள்ளி ஆகிவிடுகிறது. இதைப் பலகையில் எழுதியபோது தந்தை சிரித்தார், மகள் சிரிக்கவில்லை. இளைஞருக்குத் தம் உழைப்பில் ஒரு நல்ல கார் வேண்டும் என்ற ஆசை இருப்பது குற்றமன்று. ஆசைக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் அதைச் "சிக்கனம்" என்ற பெயரில் கொடுக்கலாகாது. அவ்வளவே என் கருத்து.

மாதம் எத்தனை கிலோமீட்டர்? எந்தச் சாலையில்?

அவர் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுவார் என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 18,000. பெட்ரோல் விலை, 2025 செப்டம்பர் 30ஆம் நாள் பொதுமக்களுக்குத் தொடங்கிய புடி 95 திட்டத்தில், லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு என்று நிர்ணயிக்கப்பட்டது. கணக்கு எளிதாக இருக்க 2 வெள்ளி என்று கொள்வோம்.

முதலில் முழுவதும் பட்டணத்து ஓட்டம் என்போம். சாதாரணக் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டரும், ஹைபிரிட் 24 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொண்டால், ஒன்றுக்கு 1,500 லிட்டரும் மற்றதற்கு 750 லிட்டரும் வேண்டும். மிச்சம் 750 லிட்டர். ஆண்டுக்கு 1,500 வெள்ளி. ஆறாயிரம் வெள்ளி வேறுபாடு நான்கு ஆண்டில் திரும்பிவிடும். 26,000 வெள்ளி திரும்பப் பதினேழு ஆண்டுக்கு மேல் ஆகும்.

இனி முழுவதும் நெடுஞ்சாலை என்போம். சாதாரணக் கார் 18 கிலோமீட்டர், ஹைபிரிட் 20 கிலோமீட்டர். முன்னதற்கு 1,000 லிட்டர், பின்னதற்கு 900 லிட்டர். மிச்சம் 100 லிட்டர். ஆண்டுக்கு 200 வெள்ளி. ஆறாயிரம் வெள்ளி திரும்பவே முப்பது ஆண்டுகள். காரும் இராது.

ஒரே கார், ஒரே தூரம். சாலை மட்டும் மாறுகிறது, விடை தலைகீழாகிறது.

இதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்ய முடிவதில்லை. கோலாலம்பூரில் மின்னழைப்பு வாடகைக் கார் ஓட்டும் ஓர் இளைஞர் ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் பட்டணத்திலேயே ஓட்டினால், மேற்கண்ட கணக்கின்படி ஆண்டுக்கு 5,000 வெள்ளி மிச்சம். அவருக்கு 26,000 வெள்ளியும் ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் வந்துவிடும். அவர் புகழ்வதில் பொருள் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் புகழ்வதிலும் பொருள் உண்டு. அண்மை ஆண்டுகளில் அங்கே பெட்ரோல் லிட்டருக்கு 2 சிங்கப்பூர் டாலருக்கு மேல். நம் பணத்தில் 6 வெள்ளியைத் தாண்டும். அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் இங்கே மிச்சமாகும் மூன்று லிட்டருக்குச் சமம். நம் நாட்டில் பெட்ரோலுக்கு உதவித்தொகை இருப்பதால் ஹைபிரிட் காரின் சிக்கனம் சிறுத்துத் தோன்றுகிறது. உதவித்தொகை விலைக்கு மாத வரம்பு உண்டு என்பதையும், விலை என்றும் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தர இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தவணையில் வாங்கும்போது

கையில் பணம் வைத்துக்கொண்டு கார் வாங்குவோர் மிகச் சிலரே. வாடகைக் கொள்முதலில், குறைந்தது நூற்றுக்குப் பத்து முன்பணம் கட்டி, ஒன்பது ஆண்டு வரை தவணை செலுத்துவதே வழக்கம். அசல் முழுவதற்கும் ஆண்டுதோறும் வட்டி போடும் நெடுநாள் முறையில், நூற்றுக்கு 3 வட்டி என்று கொள்வோம். வேறுபாடு ஆறாயிரத்தையும் கடனாக வாங்கினால், ஒன்பது ஆண்டு வட்டி 1,620 வெள்ளி. மொத்தம் 7,620, மாதம் 70 வெள்ளி 56 காசு. 26,000 வெள்ளியையும் கடனாக வாங்கினால், வட்டி 7,020, மொத்தம் 33,020, மாதம் 305 வெள்ளி 74 காசு. வங்கி வேறு முறையில் வட்டி கணக்கிட்டாலும் அஞ்ச வேண்டாம். "கடைசித் தவணை முடியும்போது நான் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள்.

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முழுவதும் பட்டணத்து ஓட்டமானால் பெட்ரோல் மிச்சம் மாதம் 125 வெள்ளி. ஆறாயிரத்துக்கான 70 வெள்ளித் தவணையை அது தாங்கும்; 26,000 வெள்ளிக்கான 305 வெள்ளியைத் தாங்காது. நெடுஞ்சாலை ஓட்டமானால் மிச்சம் மாதம் 17 வெள்ளிகூட இல்லை. இரண்டையுமே தாங்காது.

"கடன் வேண்டாம்; அப்பாவின் சேமநிதியில் கட்டிவிட்டால் வட்டி இல்லையே?" என்று மகள் கேட்டார். நல்ல கேள்வி. சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு அறிவித்த இலாப ஈவு நூற்றுக்கு 6.30. அந்த விகிதத்தில் 26,000 வெள்ளி ஓராண்டில் 1,638 வெள்ளி ஈட்டும். ஹைபிரிட் கார், அதற்கு மிகவும் ஏற்ற பட்டணத்துச் சாலையிலேயே, ஆண்டுக்கு மிச்சப்படுத்துவது 1,500 வெள்ளி. பணத்தை எடுக்காமல் விட்டாலே அதைவிடக் கூடுதல் வருவாய்; அசலும் அப்படியே இருக்கும். இலாப ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பது உண்மைதான். ஆனால் கார் நாளுக்கு நாள் விலை இறங்கும் என்பதில் மாற்றமே இல்லை. இந்த வரியை எழுதியபோது மண்டபத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

மின்கலமும் பழைய வண்டியும்

ஹைபிரிட் காரில் மக்கள் அஞ்சுவது மின்கலத்தை. புதிய கார்களில் இவ்வச்சம் ஓரளவு மிகையானது. பல நிறுவனங்கள் ஹைபிரிட் மின்கலத்துக்கு எட்டாண்டு உத்தரவாதம் தருகின்றன. வாங்குமுன் தாளைக் கேட்டுப் படியுங்கள். ஆனால் கடன் ஒன்பது ஆண்டு, உத்தரவாதம் எட்டு ஆண்டு என்றால், கடைசி ஓராண்டில் தவணையும் நம்முடையது, மின்கலத்தின் பொறுப்பும் நம்முடையது. அந்த ஆண்டில் மின்கலம் பழுதானால், கடன் தீராத வண்டிக்கு மேலும் ஆயிரக்கணக்கில் செலவிட நேரலாம். இதை விளம்பரத்தாள் சொல்லாது.

பழைய கார் வாங்குவோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். இறக்குமதியான சிறிய ஹைபிரிட் கார்களுக்கு 2013 இறுதிவரை வரி விலக்கு இருந்தது. அக்காலத்தில் டொயோட்டா பிரியஸ் சி, ஹோண்டா இன்சைட், ஹோண்டா ஜாஸ் ஹைபிரிட் முதலியவை ஏராளமாக விற்றன. அவையே இன்று மலிவாகப் பழைய கார்க் கடைகளில் நிற்கின்றன. விலையைப் பார்த்து மயங்காதீர்கள். மின்கலம் எப்போது மாற்றப்பட்டது, மாற்றியது புதியதா, அல்லது கெட்டுப்போன அறைகளை மட்டும் மாற்றிக் கட்டியதா, அதற்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று கேளுங்கள். இரசீது இல்லையென்றால், புதிய மின்கலத்தின் விலையையும் சேர்த்தே அந்தக் காரின் விலை என்று கருதுங்கள்.

தோட்டத்துக்கே உரிய சில செய்திகளும் உண்டு. சில ஹைபிரிட் கார்களில் மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்று, பின்னிருக்கையின் அருகேயுள்ள துளை வழியே செல்கிறது. அதன்மேல் மூட்டை முடிச்சுகளை வைத்து அடைத்துவிடக் கூடாது. செம்மண் புழுதி படியும் நம் சாலைகளில் அதன் வடிகட்டியை அடிக்கடி துப்புரவு செய்யச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் உயர் மின்னழுத்தம் உண்டு. வீட்டில் கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம். வெள்ளம் வரும் இடமானால் வெள்ளச் சேதத்துக்கான காப்புறுதியைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். எஸ்.யூ.வி. என்ற பெயரைக் கண்டு, மழைநாளில் களிமண் சடக்கில் ஏறிவிடும் என்று எண்ணுதலும் தவறு. மேலே சொன்ன எச்.ஆர்.வி., அத்திவா இரண்டும் இங்கே முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகளே. உயரமாக இருப்பதால் பள்ளத்தில் அடி தட்டாது; அந்நன்மை பெட்ரோல் வகைக்கும் உண்டு. ஒட்டுப்பால் மூட்டையை எந்தக் காரில் ஏற்றினாலும் நாற்றம் ஒன்றுதான்.

சாலைவரி எஞ்சினின் அளவைப் பொறுத்தது. எச்.ஆர்.வி. வகைகள் எல்லாம் 1.5 லிட்டர் எஞ்சின் உடையவை. அதனால் வேறுபாடு இல்லை. காப்புறுதி வண்டியின் மதிப்பைப் பொறுத்துச் சற்று ஏறும். ஹைபிரிட் காரில் பிரேக் கட்டைகள் தேய்வது குறைவு. ஓட்டம் அமைதியாக இருக்கும், புகையும் குறைவு. இவையெல்லாம் நன்மைகளே. ஆறாயிரம் வெள்ளி வேறுபாடாக இருந்தால் இவற்றுக்காகவே வாங்குவதை நான் தடுக்கமாட்டேன்.

ஒரு மாதக் குறிப்பேடு

அன்று மகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு மாதம், மோட்டார்சைக்கிளின் தூரமானியைப் பார்த்து, நெடுஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டர், தொழிற்பேட்டை நெரிசலிலும் பட்டணத்திலும் எத்தனை என்று பிரித்து எழுதி வரவேண்டும். காரே வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். தொட்டியை நிரப்பித் தூரத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்தால் உங்கள் சாலையில், உங்கள் ஓட்டத்தில் லிட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இப்படி மூன்று முறை செய்தால் விளம்பரத்தாள் தேவையில்லை.

மாத முடிவில் அவர் தொலைபேசியில் அழைத்தார். நெடுஞ்சாலை 1,200 கிலோமீட்டர், நெரிசலில் 300. தாமே கணக்கையும் போட்டிருந்தார். நெடுஞ்சாலையில் ஆண்டுக்கு 80 லிட்டர் மிச்சம், நெரிசலில் 150 லிட்டர், ஆக 230 லிட்டர், 460 வெள்ளி. மாதத்துக்கு 38 வெள்ளி. புடி 95 தொடங்கிய வேளையில் உதவித்தொகை இல்லாத விலை 2 வெள்ளி 60 காசு. அதை வைத்தும் பார்த்திருக்கிறார். அப்போதும் 50 வெள்ளியை எட்டவில்லை. ஹைபிரிட் காரை நூற்றுக்குப் பத்து முன்பணத்தில் வாங்கினால் மொத்தத் தவணையே மாதம் ஏறத்தாழ 1,490 வெள்ளி என்பதையும் அவரே கண்டுபிடித்துச் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் தணிந்தது.

அவர் இன்னும் கார் வாங்கவில்லை. அத்திவாவின் விலையை இரண்டு கடைகளில் கேட்டிருக்கிறார். தந்தையின் சேமநிதி விண்ணப்பத்தாள் நிரப்பப்படாமல் அலமாரியின் மேல் இருக்கிறது. பேச்சை முடிக்குமுன் தந்தை தொலைபேசியை வாங்கி, "ஐயா, அந்த லிட்டர் கணக்கை என் மோட்டார்சைக்கிளுக்கும் போட்டுப் பார்த்தேன். கார்புரேட்டர் கெட்டிருக்கிறது போலிருக்கிறது" என்றார்.